கிண்ணம் தந்த கப்பல்

மலேசியக் கிண்ணக் காற்பந்து இறுதியாட்டம் நடக்கும் இரவில் நம்மவர் சாப்பாட்டுக் கடைகளில் நாற்காலி கிடைப்பது கஷ்டம். ஒரு தே தாரிக்கை வைத்துக்கொண்டு இரண்டு மணி நேரம் உட்கார்ந்திருப்பார்கள். கடைக்காரரும் ஒன்றும் சொல்ல மாட்டார். அந்தக் கிண்ணம் எங்கிருந்து வந்தது என்று கேட்டால் ஒரு போர்க்கப்பலின் பெயரைச் சிலர் சொல்வார்கள். அந்தக் கப்பலுக்கும் நமக்கும் உள்ள கணக்கை யாரும் சொல்லி நான் கேட்டதில்லை. நம் சங்கத்தின் பொன்விழா மலரில் அதை எழுதி வைப்போம் என்று தோன்றியது.

கப்பலின் பெயர் எச்.எம்.எஸ். மலாயா. பேராக், சிலாங்கூர், நெகிரி செம்பிலான், பகாங் ஆகிய நான்கு மாநிலங்கள் சேர்ந்த கூட்டரசு, 1912இல் பிரிட்டனுக்கு அன்பளிப்பாக ஒரு போர்க்கப்பல் தருவதென முடிவு செய்தது. செலவு 25 லட்சம் பவுனுக்கு மேல். பேராக் சுல்தான் இத்ரிஸ் இதை முன்மொழிந்தார். பணம் எங்கிருந்து வந்தது? அரசாங்கக் கஜானாவிலிருந்து. கஜானாவுக்கு எங்கிருந்து வந்தது? ஈய வரி, ரப்பர் வரி, அபின் வரி. விடியுமுன் பெரட்டுக்கு நின்று, பால்மரம் வெட்டிய தமிழர்களின் உழைப்பும் அதில் இருக்கிறது. அவர்களை யாரும் கேட்கவில்லை. கேட்கும் காலமும் அதுவல்ல.

ஒரு விஷயத்தைச் சொல்லிவிட வேண்டும். மலாக்கா அந்தக் கூட்டரசில் இல்லை. சிங்கப்பூர், பினாங்கோடு நாம் நீரிணைக் குடியேற்றப் பகுதி. ஆனாலும் மலாயாவில் வியாபாரமாக ரப்பர் பயிரிட்டது முதலில் இங்கேதான். 1896இல் டான் சே யான் புக்கிட் லிந்தாங்கில் நட்டார். பிறகு புக்கிட் ஆசகானில் பெரிய தோட்டம் வந்தது. ஜாசின் பக்கம் பூர்வீகம் உள்ள நம் குடும்பங்கள் பலவற்றுக்கு அந்தப் பெயர்கள் பழகியவை. தோட்டத்துக்கு அரிசி, பருப்பு, துணி கொண்டுபோய் விற்றவர்களில் நம் முன்னோர்களும் உண்டு.

கப்பல் 1915இல் கடலில் இறங்கியது. மறு ஆண்டு ஜட்லாந்து கடற்போரில் அடிபட்டு, 60க்கும் மேற்பட்ட மாலுமிகளை இழந்தது. போர் முடிந்தபின், பணம் கொடுத்த நாட்டைப் பார்க்க 1921 தொடக்கத்தில் இங்கே வந்தது. மாலுமிகள் ஊர் ஊராக உள்ளூர் அணிகளோடு காற்பந்து ஆடினார்கள். உபசரிப்புக்கு நன்றியாகக் கப்பல்காரர்கள் தந்ததுதான் மலாயா கிண்ணம். அந்த ஆண்டே போட்டி தொடங்கியது. சிங்கப்பூர், சிலாங்கூர், பினாங்கு, பேராக், நெகிரி செம்பிலான், மலாக்கா என்று ஆறு அணிகள்.

முதல் இறுதியாட்டம் 1921 அக்டோபர் 1, சனிக்கிழமை. ஹிஜ்ரி 1340 முஹர்ரம் மாதம். இடம், கோலாலம்பூர் சிலாங்கூர் கிளப் திடல், அதாவது இன்றைய மெர்டேக்கா சதுக்கம். சிங்கப்பூர் 2-1 என்று சிலாங்கூரை வென்றது. அதே சமயம் ரப்பர் விலை படுத்துக் கிடந்தது. தோட்டங்கள் ஆளைக் குறைத்தன. வேலையில்லாமல் ஊருக்குக் கப்பலேறியவர்கள் ஏராளம். கிளப் திடலில் கைதட்டியவர்களுக்கு அது தெரியாமல் இருந்திருக்காது.

இனி நம் வீட்டுப் பெரியவர்கள் கேட்டால் நெஞ்சில் கை வைக்கும் செய்தி. கிண்ணம் தந்து இரண்டு வருஷம்கூட ஆகவில்லை. துருக்கியில் 1922 நவம்பர் 1ஆம் தேதி சுல்தான் ஆட்சி ஒழிக்கப்பட்டது. கடைசி சுல்தான் ஆறாம் மெஹ்மத் வஹீதுத்தீன், நவம்பர் 17 காலையில், தம் சிறு மகனோடு, பிரிட்டிஷ் இராணுவத்தின் ஆம்புலன்ஸ் வண்டியில் ஏறி அரண்மனையை விட்டுப் போனார். அன்று வெள்ளிக்கிழமை. அவர் ஜும்ஆவுக்கு வரவில்லை. துறைமுகத்தில் அவரை ஏற்றிக்கொண்டு மால்டாவுக்குக் கிளம்பிய கப்பல் எச்.எம்.எஸ். மலாயா.

அதுவரை அவர் கலீபாவும்கூட. இந்தியாவில் பல பள்ளிகளில் குத்பாவில் துருக்கி சுல்தானுக்கு துஆ கேட்கும் வழக்கம் இருந்தது. அலி சகோதரர்களின் கிலாபத் இயக்கம், காந்தியையும் சேர்த்துக்கொண்டு, அந்தப் பதவிக்காகத்தான் நாடெங்கும் கூட்டம் போட்டது. முஸ்லிம் சுல்தான்களின் மாநிலங்கள் வாங்கித் தந்த கப்பல், உஸ்மானியக் குடும்பத்தின் கடைசி சுல்தானை நாடு கடத்தியது. அவரைப் பிடித்துக்கொண்டு போகவில்லை, அவரே அடைக்கலம் கேட்டார் என்பதும் உண்மை. 1924 மார்ச்சில் கிலாபத்தே முடிந்தது. அவர் 1926இல் இத்தாலியில் சான் ரெமோவில் மௌத்தானார், டமாஸ்கஸில் அடக்கம்.

போரினால் நின்றிருந்த போட்டி 1948இல் மறுபடி தொடங்கியது. அதே ஆண்டில் கப்பல் பழைய இரும்புக்கு விலைபோனது. 1967இல் புதுக் கிண்ணம் செய்து, மலேசியக் கிண்ணம் என்று பெயர் மாற்றினார்கள்.

எழுபதுகளின் கடைசியில் சிலாங்கூர் கோலைக் காத்த ஆறுமுகத்தை மறந்தவர்கள் இல்லை. நீண்ட கைகளுக்காக ஸ்பைடர்மேன் என்று நாடே அழைத்தது. 1988இல் சாலை விபத்தில் போய்விட்டார். அப்போதெல்லாம் தோட்டத்துக்குத் தோட்டம் ஒரு திடலும் ஒரு குழுவும் இருந்தன. தோட்டங்கள் துண்டாடப்பட்டு வீடுகள் எழுந்தபோது லயத்தோடு திடலும் போனது பல இடங்களில். நம் பிள்ளைகள் இப்போது வாடகைக் களத்தில் மணிக்கணக்குக்குப் பணம் கட்டி ஆடுகிறார்கள்.

மலாக்காவுக்குத் திறமை இல்லாமல் இல்லை. தேசிய அணித் தலைவர் சோ சின் ஆன் அலோர் காஜாவில் பிறந்தவர். அவர் கிண்ணம் வென்றது சிலாங்கூர் சட்டையில். 1983இல் மலேசிய லீக்கில் மலாக்காதான் முதலிடம். அந்த ஆண்டு கிண்ண இறுதியாட்டத்தில் ஆடியவை பகாங்கும் சிலாங்கூரும். 3-2 என்று பகாங் வென்றது. 1921இல் களமிறங்கிய ஆறு அணிகளில் ஐந்தின் பெயர் வென்றவர் பட்டியலில் ஏறிவிட்டது. ஏறாதது மலாக்கா ஒன்றுதான்.