சைதாப்பேட்டைக் கள்ளித் தோட்டம்

தொட்டியில் வளர்க்கும் சப்பாத்திக் கள்ளிக்கு நோய் கண்டால் முதலில் தெரிவது ஒரு வெள்ளைப் பொட்டு. மட்டையில் முள் கிளம்பும் கண்ணை ஒட்டிப் பஞ்சுத் துணுக்கு போல் இருக்கும். கொஞ்ச நாளில் பொட்டுகள் திட்டுகளாகும்; மட்டை மஞ்சளித்துச் சுருங்கும். பலர் இதைப் பூஞ்சணம் என்று எண்ணித் தண்ணீரை நிறுத்திவிடுகிறார்கள். என்னிடம் தொட்டியைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்களிடம் நான் முதலில் செய்யச் சொல்வது, ஈர்க்குச்சியால் அந்தப் பஞ்சை ஒருமுறை நசுக்கிப் பார்ப்பது. வெளிறிய நீர் கசிந்தால் அது மாவுப்பூச்சி. அடர்ந்த ரத்தச் சிவப்பாக வழிந்தால் கொச்சினீல் பூச்சி. விரலில் பட்டால் அவ்வளவு லேசில் போகாத சிவப்பு அது.

அந்தச் சிவப்புக்காக, நான் குடியிருக்கும் சைதாப்பேட்டையில் இருநூற்று முப்பது ஆண்டுகளுக்கு முன் கிழக்கிந்தியக் கும்பினியார் ஒரு கள்ளித் தோட்டமே போட்டிருந்தார்கள்.

மெக்சிகோவின் ஒஹாக்கா பகுதி மக்கள் காலங்காலமாகக் கள்ளி மட்டைகளில் இந்தப் பூச்சியை வளர்த்து, காய வைத்து, சாயம் எடுத்தவர்கள். ஸ்பெயின் அந்த நாட்டைப் பிடித்ததும் வியாபாரத்தைத் தன் கைக்குள் வைத்துக்கொண்டது. மெக்சிகோவிலிருந்து கப்பலேறிய சரக்குகளில் வெள்ளிக்கு அடுத்த மதிப்பு இதற்கு. ஒரு பவுண்டு சாயச் சரக்குக்கு ஏறத்தாழ 70,000 பூச்சிகள் வேண்டும். இங்கிலாந்துப் படை அதிகாரிகளின் சிவப்புக் கோட்டு இந்தச் சாயத்தில் தோய்ந்ததுதான். ஒவ்வொரு கோட்டுக்கும் காசு ஸ்பெயினுக்குப் போனது. 1777ல் தியெரி தெ மெனோன்வில் என்ற பிரெஞ்சுக்காரர் ஒஹாக்காவிலிருந்து பூச்சியும் மட்டையுமாகக் கடத்திக் கரீபியத் தீவுக்குக் கொண்டுபோனார். அதன்பின் எல்லா நாட்டுக்கும் ஆசை வந்துவிட்டது.

சென்னையில் அந்த ஆசை பிடித்தவர் டாக்டர் ஜேம்ஸ் ஆண்டர்சன். கும்பினியின் தலைமை மருத்துவர். நுங்கம்பாக்கத்தில் பெரிய தோட்டம் வைத்திருந்தவர். பட்டுப்பூச்சிக்காக முசுக்கட்டைச் செடியை மாகாணமெங்கும் பரப்பப் பாடுபட்டவர். 1786ல் இங்கே ஒரு புல்லில் சிவப்புச் சாறுள்ள பூச்சியைக் கண்டார். கொச்சினீல் கிடைத்துவிட்டது என்று லண்டனிலிருந்த தாவரவியலாளர் ஜோசப் பேங்க்ஸுக்குக் கடிதத்துக்கு மேல் கடிதம் எழுதினார். அந்தப் பூச்சி சாயத்துக்கு உதவவில்லை. ஆனாலும் அவர் கிளப்பிய சூடு ஆறவில்லை. உண்மையான பூச்சி வரும்போது தின்னக் கள்ளி தயாராக இருக்கட்டும் என்று சைதாப்பேட்டையில் தோட்டம் போட அனுமதி கிடைத்தது. மேற்பார்வை அவர் மருமகன் ஆண்ட்ரூ பெர்ரி. லண்டன் கியூ தோட்டத்திலிருந்தெல்லாம் நாற்றுகள் வந்தன.

பூச்சிதான் வரவில்லை. வருடக்கணக்கில் அந்தத் தோட்டம் வராத விருந்தாளிக்காகக் கள்ளி வளர்த்தது. ஆண்டர்சன் சும்மா இருக்கிற ஆளில்லை. அந்த மட்டையைக் காய்கறியாகக் கப்பல்களில் எடுத்துப் போகலாம், ஈறு வீங்கிப் பல் ஆடும் ஸ்கர்வி நோய்க்கு நல்லது என்று பரிந்துரைத்தார். வேரில்லாமலே மாதக்கணக்கில் பசுமை மாறாத காய்கறி வேறு எது? அவர் செய்தவற்றில் எனக்கு மிகவும் பிடித்தது இதுதான். கள்ளியை இவ்வளவு நெருங்கிப் பார்த்தவர் என்பது இதில் தெரிகிறது.

1795ல் நீல்சன் என்ற படை அதிகாரி ரியோ டி ஜெனிரோவில் கப்பல் நின்றபோது பூச்சியோடு கள்ளிச் செடிகளை வாங்கிக் கல்கத்தா கொண்டுவந்தார். வழியில் பெரும்பாலானவை செத்து, மிஞ்சியது சொற்பம். கல்கத்தா தாவரத் தோட்டத்தில் தாவரவியலாளர் ராக்ஸ்பர்க் அவற்றைப் பலவகைக் கள்ளிகளில் விட்டுப் பார்த்தார். அருமையாக வளர்த்த அயல்நாட்டு வகைகளைப் பூச்சி சீண்டவில்லை. வேலியோரத்தில் நம் ஊர்ச் செடிபோலவே ஆகிவிட்டிருந்த கள்ளியில்தான் அது குடும்பம் குடும்பமாகப் பெருகியது. அதே ஆண்டு சென்னைக்கும் வந்தது.

வந்தது ஒஹாக்காவின் வளர்ப்புப் பூச்சி அல்ல, காட்டு இனம். உடம்பில் மெழுகுப் பஞ்சு அதிகம், சாயம் குறைவு. சரக்கு நல்ல விலைக்குப் போகவில்லை, கும்பினி கைவிட்டது. பூச்சி மட்டும் தங்கி, எந்தக் கள்ளியைத் தின்றதோ அந்த வகையையே ஊர் ஊராக அழித்தது.

இந்த இடத்தில்தான் கதை தலைகீழாகிறது. 1836 முதல் 1838 வரை கள்ளியை ஒழிக்கவே இந்தப் பூச்சியைத் தென்னிந்தியாவில் பரப்பினார்கள். 1863ல் இங்கிருந்து இலங்கைக்குக் கொண்டுபோய் விட்டார்கள். ஒரு களையை அழிக்க ஒரு பூச்சியை நாடு விட்டு நாடு கொண்டுபோனது உலகத்திலேயே அதுதான் முதல் தடவை என்று பூச்சியியல் நூல்கள் பதிவு செய்கின்றன. அந்த மரியாதை சாயத்துக்காகத் தோட்டம் போட்டவர்களின் தோல்வியில் பிறந்தது.

ஆனால் தென்மாவட்டங்களில் மேய்ச்சல் நிலத்தை விழுங்கிய சப்பாத்திக் கள்ளி வேறு வகை. அதைப் பழைய பூச்சி தொடவில்லை. 1926ல் இலங்கையிலிருந்து இன்னொரு கொச்சினீல் இனம் வந்தது. ஐந்தாறு ஆண்டுகளில், இலங்கையையும் சேர்த்து, சுமார் 40,000 ஹெக்டேரில் கள்ளி அடங்கிவிட்டது. சென்னை மாகாணப் பூச்சியியலாளர் டி.வி. ராமகிருஷ்ண ஐயர் அந்த நாட்களிலேயே இந்தப் பூச்சிகளைப் பற்றி எழுதினார்.

கோவில்பட்டிப் பக்கத்துக் கரிசல் ஊரில் பிறந்த என் பாட்டி அப்போது சிறுமி. கோடையில் கள்ளிக்காடு முழுக்க வெள்ளை பூத்து, மட்டை மட்டையாகச் சரிந்து அழுகிய நாற்றம் அடித்ததையும், ஆடுகள் புதிதாகக் கிடைத்த நிலத்தில் மேயப் போனதையும் சொல்வார். கூடவே ஒரு குறையும் சொல்வார்: கள்ளிப்பழம் போச்சு. சுணைமுள்ளைத் தரையில் தேய்த்துப் போக்கி, உள்ளே இருக்கும் நட்சத்திர முள்ளை எடுத்துவிட்டுத் தின்றால் நாக்கெல்லாம் சிவக்கும் பழம். அந்த ஊர்ப் பிள்ளைகளுக்குப் பல வருடம் அது கிடைக்கவில்லை.

பாட்டி கோடை என்று சொன்னதில் விஷயம் இருக்கிறது. கனமழை இந்தப் பூச்சியை அடித்துக்கொண்டு போய்விடும். வெயிலும் வறட்சியும் அதற்குக் கொண்டாட்டம். ஜன்னலோரத் தொட்டியில் மழையே விழாது. பெண் பூச்சிக்குச் சிறகில்லை. மூக்கை மட்டையில் செருகியபடி அங்கேயே இருந்துவிடும். புதிதாகப் பிறந்த குஞ்சுகள்தான் மெழுகு இழைகளோடு காற்றில் மிதந்து அடுத்த செடிக்குப் போகும். ஃபேன் ஓடும் அறை அவற்றுக்குப் போதும்.

கீழ்வீட்டுத் தம்பி போன மாதம் ஒரு தொட்டியைக் கொண்டுவந்து, "அக்கா, இது பிழைக்குமா?" என்றான். நாலு மட்டையில் மூன்று தொய்ந்திருந்தன. குச்சியில் சிவப்பு வந்தது. குழாயடியில் வைத்து, ட்யூப் வாயை விரலால் அழுத்திப் பீய்ச்சினோம். பாதிப் பஞ்சு அதிலேயே போயிற்று. கண்ணிடுக்கில் ஒட்டியதைப் பழைய பல் துலக்கியில் ஸ்பிரிட் தொட்டுத் தேய்த்தெடுத்தோம். பிறகு செடியை மண்ணிலிருந்து எடுத்துப் பார்த்தால் அடித்தண்டு பழுப்பாகக் குழைந்திருந்தது. வாடுகிறதே என்று அவன் தினமும் தண்ணீர் விட்டிருக்கிறான். வாட்டம் மேலே, அழுகல் கீழே. வீட்டுக் கள்ளிகளில் பாதி இப்படித்தான் போகின்றன.

அப்படியானால் செடியைக் காப்பாற்றும் வழி வேர்ப்பக்கத்தை விட்டுவிடுவதுதான். உறுதியாக இருந்த மேல்மட்டையை, ஸ்பிரிட்டில் துடைத்த கத்தியால் வெட்டினேன். வெட்டுவாயில் பழுப்புப் புள்ளி தெரிந்தது. இன்னும் ஒரு விரற்கடை மேலே வெட்டினேன், சுத்தமான பச்சை வந்தது. பூச்சியேறிய மற்ற மட்டைகளைச் சோப்புத் தண்ணீரில் முக்கிக் கட்டிப் போட்டோம். அப்படியே குப்பையில் எறிந்தால் அடுத்த மாடிக்குப் போய்விடும்.

மட்டையை நிழலில் அலமாரி மேல் வைக்கச் சொன்னபோது தம்பிக்கு மனசு கேட்கவில்லை. தண்ணீரும் மண்ணும் இல்லாமல் இரண்டு வாரமா என்றான். ஆண்டர்சன் கப்பலுக்குச் சிபாரிசு செய்த காய்கறி இது என்று சொன்னேன். வெட்டுவாய் காய்ந்து தோல்போல் இறுகிய பிறகு, ஆற்று மணலும் உடைத்த செங்கல்லும் பாதிக்கு மேல் கலந்த மண்ணில் இரண்டு விரல் ஆழம் ஊன்றினோம். முதல் தண்ணீர் ஒரு வாரம் கழித்துத்தான். வேர் பிடித்ததும் ஐப்பசி மழையில் ஒரு பொழுது நனையவிட்டு, நீர் வடிந்ததும் வெயில் படும் ஜன்னலுக்குக் கொண்டுபோகச் சொல்லியிருக்கிறேன்.