லேடாங் மலையணங்கு

ஜொகூர் மாநிலத்தின் வடமேற்கில், தங்காக் நகருக்கருகே 1,276 மீட்டர் உயர்ந்து நிற்பது குனோங் லேடாங் மலை. பல்லாண்டுகட்கு முன் வகுப்பில் அம்மலையிளவரசியின் கதையை நான் கூறியபோது, “ஐயா, அந்த இளவரசி உண்மையிலேயே இருந்தாளா?” என மாணவி ஒருத்தி வினவினாள். “அது கட்டுக்கதையம்மா” என்று கூறிவிட்டு அடுத்த பாடத்திற்குச் சென்றேன். அவ்விடை பிழையன்று, ஆயினும் போதாது என்பதைப் பிற்காலத்தே உணர்ந்தேன்.

இக்கதையைக் கூறுவது ‘செஜாரா மெலாயு’ என்னும் மலாய் வரலாற்றிலக்கியம். 1612ஆம் ஆண்டில் ஜொகூர் அரசின் பெண்டஹாராவாகிய துன் ஸ்ரீ லானாங் அந்நூலாக்கப் பணியை ஏற்றார். மலாக்கா சுல்தான் மஹ்முட், மலையிளவரசியை மணக்க விழைந்து தூது விடுத்தார். அவளோ மலாக்காவிலிருந்து மலைவரை பொன்னால் ஒரு பாலமும் வெள்ளியால் ஒரு பாலமும் கேட்டாள். ஏழு தட்டுக் கொசு இதயம், ஏழு தட்டுச் சிற்றுயிர் இதயம், ஒரு தாழி கண்ணீர், ஒரு தாழி இளம்பாக்குச் சாறு ஆகியவற்றையும் கேட்டாள். இறுதியாக, அரசன் குருதி ஒரு கிண்ணமும் அவன் மைந்தன் குருதி ஒரு கிண்ணமும் வேண்டுமென்றாள். ஏனையவை இயலும், குருதி சிந்த மனம் இசையவில்லை எனக் கூறி அரசர் பின்வாங்கினார்.

1511ஆம் ஆண்டில் மலாக்கா போர்த்துக்கீசியர் வசமாயிற்று. அதன்பின் சுல்தான் மஹ்முட் தம் மைந்தர் அகமட்டைக் கொல்வித்தார் என்றும் அதே நூல் கூறுகின்றது. மணத்தின்பொருட்டுச் சிந்த மறுத்த குருதியைச் சினத்தின்பொருட்டுச் சிந்தினார். இவ்விரு பகுதிகளையும் சேர்த்துப் பயிலுங்கால், மலையிளவரசியின் கதை அரசியல் அறத்தை அளக்கும் கோலாகவே அமைந்துள்ளது என்பது என் துணிபு. அதனை வெறுங்கதையென ஒதுக்குவோர் வரலாற்றின் ஒரு பகுதியையும் உடன் ஒதுக்குகின்றனர்.

அறிஞருலகமும் இவ்வுண்மையைப் படிப்படியாகவே உணர்ந்தது. சிலாங்கூரில் அரசுப் பணியாற்றிய ஸ்கீட் என்னும் ஆங்கிலேயர், மலாய் மாந்திரிகம் பற்றிய தம் பெருநூலை 1900ஆம் ஆண்டில் வெளியிட்டு, இத்தகைய நம்பிக்கைகளைத் திரட்டித் தந்தார். அவ்வாறு திரட்டப்பட்டவற்றை 1970ஆம் ஆண்டில் எண்டிகாட் தம் நூலில் மீண்டும் ஆராய்ந்தார். உடல், ஆவி, எல்லை ஆகியன குறித்த ஓர் ஒழுங்கான சிந்தனை அவற்றினூடே உள்ளதென அவர் காட்டினார். ‘இது மெய்யா, பொய்யா?’ என்னும் வினா, ‘இம்மக்கள் உலகை எவ்வாறு கண்டனர்?’ என்னும் வினாவாக வளர்ந்தது.

தமிழருக்கும் இது புதிதன்று. மலையில் உறையும் வரையரமகளிரையும், வருத்தும் அணங்கையும் சங்க இலக்கியம் அறியும். அணங்கு என்பது பெண்பால் உறையும் புனித ஆற்றல் என ஜார்ஜ் ஹார்ட் முதலியோர் கொண்டனர். அச்சொல்லின் பொருளை அவ்வாறு குறுக்குதல் பொருந்தாதென 1986ஆம் ஆண்டில் வி. எஸ். ராஜம் மறுத்துரைத்தார். ஒரு சொல்லின் பொருளறியவே இத்துணை ஆராய்ச்சி வேண்டியுள்ளதன்றோ!

காடழித்து ரப்பர் நட்ட நம் முன்னோர் தோட்டத்து எல்லையில் முனியாண்டிக்குக் கோயில் எடுத்தனர். அண்டைக் கம்பத்து மலாய்க்காரரோ, கண்ணுக்குத் தெரியாத ‘ஓராங் புனியான்’ மக்கள் வாழுமிடமென எண்ணி, இசைவு கேட்டே காட்டினுள் நுழைந்தனர். மொழியும் சமயமும் வேறாயினும், காடு மனிதனுக்கு மட்டும் உரியதன்று என்னும் எண்ணம் இருவர்க்கும் பொதுவாயிற்று.

இன்று தோட்டங்கள் பல வீட்டுமனைகளாகிவிட்டன. கதையறிந்த முதியோரும் மறைந்து வருகின்றனர். ஆசிரியர்களே, மாணவர் ஒவ்வொருவரும் தம் பாட்டனிடமோ பாட்டியிடமோ ஒரு கதையேனும் கேட்டெழுதப் பணியுங்கள். சொன்னவர் யார், எந்தத் தோட்டம், எந்த மரம், எது விலக்கப்பட்டது என்பனவற்றையும் உடன் குறிக்கச் செய்யுங்கள். கதையைத் திருத்த வேண்டா.

அம்மாணவி இன்று வந்து வினவினால், “அவள் இருந்தாள் என நம்பிய மக்கள் இருந்தனர், அம்மா. ஏன் நம்பினர் என்பதை நாம் சேர்ந்து ஆராய்வோம்” என்றே விடையிறுப்பேன்.