கொல்லிமலையில் காணாமல் போன ரிவர்ஸ் கியர்

ஆடிப்பெருக்கு சமயத்துல கொல்லிமலைக்குக் கார்ல போறது புத்திசாலித்தனமான காரியம் இல்லை. இதை யாராவது முன்னாடியே சொல்லியிருக்கலாம்... சொன்னாங்க. அப்பா சொன்னார். நான்தான் கேட்கலை.

காரவள்ளியில ஆரம்பிச்சா எழுபது கொண்டை ஊசி வளைவு. வல்வில் ஓரி விழா வேற. முன்னாடி ஒரு பஸ், அதுக்கு முன்னாடி ஒரு லோடு வேன், அதுக்கு முன்னாடி என்னன்னே தெரியலை. பத்தடி நகர்றது, நிக்கிறது, பத்தடி நகர்றது. நாற்பத்தி மூணாவது வளைவு தாண்டினதும் டேஷ்போர்டுல 'கியர்பாக்ஸ் சூடாகிவிட்டது, வண்டியை நிறுத்தவும்'னு எச்சரிக்கை. ஓரங்கட்டி அரை மணி நேரம் ஆறவிட்டோம். அப்புறம் எப்படியோ மேலே போய்ச் சேர்ந்துட்டோம்.

அறப்பளீஸ்வரர் கோயில்ல சாமி கும்பிட்டுட்டு வந்து ரிவர்ஸ் போட்டா, இஞ்சின் உறுமுது, வண்டி அசையலை. மூஞ்சிக்கு முன்னாடி சுவர். கடைசியில நாலு பசங்க சேர்ந்து பின்னாடி தள்ளிவிட்டாங்க. முன்னாடி மட்டும் போகுது, அதுவும் ஒண்ணுலேர்ந்து நேரா மூணுக்குத் தாவுது. இப்படியே ராசிபுரம் வரைக்கும் வந்தோம். அம்மா வழி முழுக்க ஒரு வார்த்தை பேசலை.

சர்வீஸ் சென்டர்ல (பேர் வேண்டாம்) ரெண்டு நாள் வச்சிருந்துட்டு சொன்னது: "உங்க டிரைவிங் ஸ்டைல்தான் சார் காரணம். முழு கியர்பாக்ஸும் மாத்தணும். மூணு லட்சத்துக்கு மேல ஆகும்." வாரன்டி முடிஞ்சு நாலு மாசம். அப்பா ரிட்டையர்மென்ட் பணத்துல வாங்கின வண்டி அது. "டூயல் கிளட்ச் எடுங்கப்பா, லேட்டஸ்ட் டெக்னாலஜி"ன்னு ஷோரூம்ல நின்னு ஆடினது சாட்சாத் நானேதான். அன்னிக்கு ராத்திரி எனக்குத் தூக்கம் வரலை. தப்பு என் கால்லயா, வண்டியிலயா? அதைத் தெரிஞ்சுக்கத்தான் இந்தச் சாதனத்தோட சரித்திரத்தைத் தோண்ட ஆரம்பிச்சேன்.

ஜார் மன்னரின் கார் ஷெட்டிலிருந்து

இந்த கியர்பாக்ஸோட தாத்தா அடோல்ஃப் கெக்ரெஸ். பிரெஞ்சுக்காரர், 1879-ல் பிறந்தவர். ரஷ்யாவில் ஜார் இரண்டாம் நிக்கோலஸோட கார்களைப் பராமரிக்கும் வேலையில இருந்தார். பனியில கார் புதையாம இருக்க, பின் சக்கரத்துக்குப் பதிலா ரப்பர் பட்டை பூட்டி 'அரைச் சங்கிலி' வண்டி கண்டுபிடிச்சார். புரட்சிக்கப்புறம் ஊர் திரும்பி சிட்ரோயன் கம்பெனியோட சேர்ந்தார்.

அந்த வண்டிகள் நம்ம நாட்டு மலைக்கும் வந்திருக்கு. 1931-ல் பெய்ரூட்டிலிருந்து பீக்கிங் வரைக்கும் சிட்ரோயன் நடத்தின பெரும்பயணத்துல, ஸ்ரீநகர் வழியா இமயமலையில ரெண்டு கெக்ரெஸ் வண்டிகளை கில்கித் வரைக்கும் கொண்டுபோனாங்க. பாதை இல்லாத இடத்துல வண்டியைப் பிரிச்சு, சுமை தூக்கிகள் தலையில ஏத்திப் போயிருக்காங்க. (எங்க வண்டியைத் தள்ள நாலு பேர்தான் தேவைப்பட்டாங்க, அந்த வகையில முன்னேற்றம்தான் :-))

அதே கெக்ரெஸ் 1939-ல் ரெட்டை கிளட்ச் கியர்பாக்ஸை வடிவமைச்சார். சிட்ரோயன் டிராக்ஷன் அவான்ட் கார்ல பொருத்தணும்னு ஆசை. உலகப்போர் வந்துடுச்சு. 1943-ல் அவரும் போய்ச் சேர்ந்தார். யோசனை மட்டும் காகிதத்துல தங்கிடுச்சு.

யோசனை என்னன்னா

சாதா கியர்பாக்ஸ்ல ஒரே கிளட்ச். கியர் மாத்தும்போது இஞ்சினுக்கும் சக்கரத்துக்கும் தொடர்பு அறுந்து, திரும்ப ஒட்டும். கெக்ரெஸ் கேட்டது: ரெண்டு கியர்பாக்ஸை ஒரே பெட்டிக்குள்ள வச்சா என்ன? 1, 3, 5, 7 ஒரு தண்டுல, அதுக்கு ஒரு கிளட்ச். 2, 4, 6 இன்னொரு தண்டுல, அதுக்கு வேற கிளட்ச். ஒரு தண்டு குழாய் மாதிரி, அதுக்குள்ள இன்னொண்ணு சுத்தும். நீங்க ரெண்டுல போய்ட்டிருக்கும்போதே மூணாவது கியர் பல்லு சேர்ந்து ரெடியா நிக்கும். ஒரு கிளட்ச் விலக, இன்னொண்ணு பிடிக்க, இஞ்சினோட இழுவை அறுபடாம மாறிடும்.

நம்ம ஆளுங்களுக்குச் சொன்னா சட்டுனு புரியும்: இது பிராசஸர்ல 'பிராஞ்ச் பிரிடிக்ஷன்' மாதிரி. அடுத்து என்ன வரும்னு ஊகிச்சு முன்கூட்டியே வேலையை முடிச்சு வைக்கிறது. ஊகம் சரின்னா பறக்கும். தப்புன்னா, செஞ்ச வேலையைக் கலைச்சுட்டு மறுபடியும் செய்யணும். கொல்லிமலை கொண்டை ஊசியில வேகம் ஏறுமா இறங்குமான்னு உங்களுக்கே தெரியாது, அந்தப் பெட்டி பாவம் என்ன பண்ணும்?

எண்ணெயா, காத்தா?

1980-கள்ல போர்ஷே இதைத் தூசி தட்டி எடுத்து 956, 962 பந்தயக் கார்கள்ல போட்டாங்க. 1986 மோன்சா பந்தயத்துல ஹான்ஸ் ஸ்டக், டெரெக் பெல் ஜோடி இந்தப் பெட்டியோட ஜெயிச்சாங்க. ஆனா எடை அதிகம், மக்கர் அதிகம். கம்ப்யூட்டர் கட்டுப்பாடு நல்லா வளர்ந்த பிறகுதான், 2003-ல் ஃபோக்ஸ்வாகன் கோல்ஃப் ஆர்32, ஆடி டிடி கார்கள்ல கடைக்கு வந்துச்சு.

அது 'ஈர' கிளட்ச். தகடுகள் எண்ணெயில முழுகியிருக்கும், உரசுற சூட்டை எண்ணெய் எடுத்துட்டுப் போயிடும். 2008-ல் சின்ன இஞ்சின்களுக்காக அதே கம்பெனி 'உலர்' கிளட்ச் ஏழு கியர் பெட்டியைக் கொண்டுவந்தாங்க. ஈரப்பெட்டிக்கு 6.5 லிட்டர் எண்ணெய், இதுக்கு 1.7 லிட்டர்தான். எடை குறைவு, பெட்ரோல் மிச்சம். ஆனா கிளட்ச் சூட்டை எடுத்துட்டுப் போக எண்ணெய் இல்லை, சுத்தியிருக்கிற காத்துதான்.

கோளாறுகளோட சரித்திரம் இங்கேதான் சூடு பிடிக்குது (நிஜமாவே). 2013 மார்ச் 15 அன்னிக்கு சீன அரசுத் தொலைக்காட்சி இந்தப் பெட்டியைப் பத்தி நிகழ்ச்சி போட்டுது. ஓடிட்டிருக்கும்போதே இழுவை போயிடுதுன்னு புகார். உடனே 3,84,181 வண்டிகளைத் திரும்ப அழைச்சாங்க. அதே வருஷம் நவம்பர்ல உலகம் முழுக்க 16 லட்சம். காரணம் கிளட்ச் இல்லை, பல்சக்கரம் இல்லை. எண்ணெய்! செயற்கை கியர் ஆயில்ல இருந்த கந்தகம், வெக்கையும் ஈரப்பதமும் அதிகமான ஊர்கள்ல, நின்னு நின்னு ஓட்டும்போது, கட்டுப்பாட்டுப் பகுதியில மின்கோளாறு உண்டாக்குது. தீர்வு: அதை வடிச்சுட்டு சாதா மினரல் ஆயில் ஊத்தறது. ஐரோப்பியக் குளிருக்குப் பார்த்துப் பார்த்துச் செஞ்ச பொருளை நம்ம மாதிரி ஊர் வெக்கையில ஓடவிட்டா என்ன ஆகும்னு இதைவிடத் தெளிவா யாரும் சொல்ல முடியாது.

"உங்க டிரைவிங் ஸ்டைல்தான்"

அடுத்து ஃபோர்டு. நம்ம மறைமலை நகர்ல தயாராகி 2013-ல் வந்த எக்கோஸ்போர்ட்ல 'பவர்ஷிஃப்ட்'ங்கிற ஆறு கியர் ரெட்டை கிளட்ச் இருந்துச்சு. 2017-ல் புது மாடல் வந்தப்போ அதை எடுத்துட்டு, பழைய பாணி டார்க் கன்வர்ட்டர் ஆட்டோமேட்டிக் போட்டாங்க. ஏன்னு புரிஞ்சுக்க ஆஸ்திரேலியா போகணும். அங்கே அதே பவர்ஷிஃப்ட் கார்கள் நடுங்குதுன்னு ஆயிரக்கணக்கான பேர் புகார் கொடுத்தாங்க. நிறைய பேருக்குக் கிடைச்ச பதில்: "உங்க ஓட்டும் முறை சரியில்லை." பெட்டியிலதான் கோளாறுன்னு கம்பெனிக்குத் தெரிஞ்சிருந்தும் இப்படிச் சொன்னாங்க. 2018-ல் அந்நாட்டு ஃபெடரல் கோர்ட் விதிச்ச அபராதம் ஒரு கோடி ஆஸ்திரேலிய டாலர்.

இதைப் படிச்சதும் நான் நாற்காலியிலேர்ந்து எழுந்துட்டேன். அதே வசனம்! எனக்குச் சொன்னது வேற கம்பெனி ஆளுங்க, ஆனா வசனம் அதே.

பாதியாப் பிரிச்சுத் தேடு

கோவத்தை விட்டுட்டு, வேலையில பக் தேடுற மாதிரி யோசிச்சேன். ஒண்ணும் மூணும் வேலை செய்யுது, ரெண்டு வரலை, ரிவர்ஸும் வரலை. எங்க வண்டியில ரிவர்ஸ் எந்தத் தண்டுல இருக்கு? இரட்டைப்படை தண்டுல! அப்போ ஒற்றைப்படை பாதி முழுசா நல்லா இருக்கு. முழு கியர்பாக்ஸை எதுக்கு மாத்தணும்?

நாமக்கல்ல லாரிப் பட்டறையில இருந்து பழகி, இப்போ ஆட்டோமேட்டிக் பெட்டி மட்டும் பார்க்கிற ஒரு அண்ணன்கிட்ட வண்டியைக் கொண்டுபோனோம். கதை முழுக்கக் கேட்டார். ஸ்கேனர் போட்டுப் பார்த்தார். ரெண்டாவது கிளட்ச்சைத் தள்ளுற மோட்டார் சொன்ன இடத்துக்குப் போகலைன்னு காட்டுச்சு. பெட்டியை இறக்கி கிளட்ச் தகட்டை அளந்தார், இன்னும் கனம் இருந்துச்சு. மோட்டாரை மட்டும் மாத்தினார். அப்புறம் கிளட்ச் எந்த இடத்துல பிடிக்குதுன்னு கம்ப்யூட்டருக்கு மறுபடி கத்துக்கொடுக்கிற வேலை. மொத்தம் நாற்பதாயிரத்துச் சொச்சம்.

"அண்ணே, அப்போ என் தப்பு இல்லைல்ல?"ன்னு கேட்டேன். பாராட்டை எதிர்பார்த்துத்தான்.

"மோட்டார் போனதுக்கு நீங்க பொறுப்பில்லைங்க தம்பி. ஆனா தகட்டுல சூட்டுக் கறை இருக்குதுங்க. ஏத்தத்துல பிரேக் பிடிக்காம, ஆக்சிலேட்டர்லயே வண்டியை நிறுத்தி வச்சிருந்தீங்களா?"

வச்சிருந்தேன். எழுபது வளைவிலும். உலர் கிளட்ச்சைப் பொறுத்தவரை அது சுத்தமான ஹாஃப் கிளட்ச். மேனுவல் வண்டியில தீஞ்ச வாசனை வந்தா, மறு நிமிஷமே கால் கூசும். இதுல காலுக்கு அடியில பெடலே இல்லை, கூச்சமும் இல்லை. ஆஸ்திரேலியாக்காரங்க மாதிரி நானும் முழு அப்பாவின்னு நினைச்சுட்டிருந்தேன். பாதி அப்பாவிதான்.

வீட்டுக்கு வந்து அப்பாகிட்ட ரெண்டையும் சொன்னேன், மோட்டாரையும் கறையையும். ரெண்டாவதைச் சொல்லாம விட்டிருக்கலாம், யாருக்கும் தெரிஞ்சிருக்காது. அவர் பில்லை மடிச்சு சட்டைப் பையில வச்சுட்டு, "முன்னாடி பஸ் போனா இடம் விட்டு நில்லு. வழி கிடைச்சதும் ஒரே மூச்சா ஏறு. இதுக்கு எதுக்குடா சரித்திரம்?"னார்.

போன மாசம் மறுபடியும் கொல்லிமலை போனோம். விழா இல்லாத நாளாப் பார்த்து. மேனுவல் மோடுல ரெண்டாவது கியர்ல பிடிச்சு, நிக்கிற இடத்துல எல்லாம் பிரேக் போட்டு ஏறினேன். எழுபதும் தாண்டினோம், ஒரு எச்சரிக்கையும் வரலை. கோயில்ல வண்டியை நிறுத்தும்போது மட்டும் மூஞ்சி சுவரைப் பார்க்காம, ரோட்டைப் பார்த்து நிறுத்தினேன். அப்பா சிரிச்சார்.

உங்க வண்டியும் இப்படிப் பாதி கியரை முழுங்கியிருந்தா, மூணு லட்சத்தை எடுத்து வைக்கிறதுக்கு முன்னாடி எந்தெந்த கியர் வரலைன்னு ஒரு துண்டுச் சீட்டுல எழுதிப் பாருங்க மக்களே. ஒற்றைப்படையா இரட்டைப்படையான்னு தெரிஞ்சா பாதி தூரம் தாண்டின மாதிரி.