ஹூர்ட்செலர், ஃபாபியன்

ஃபாபியன் ஹூர்ட்செலர் (பிறப்பு: 26 பிப்ரவரி 1993) இங்கிலாந்தின் பிரைட்டன் அண்டு ஹோவ் ஆல்பியன் கழகத்தின் தலைமைப் பயிற்றுநராக 2024இல் பொறுப்பேற்ற ஜெர்மானியக் கால்பந்துப் பயிற்றுநர். பிரீமியர் லீக் வரலாற்றில் நிரந்தரத் தலைமைப் பயிற்றுநராக அமர்த்தப்பட்டவர்களில் மிக இளையவர். அப்போது அவருக்கு வயது 31.

வாழ்வும் ஆட்டமும்: அமெரிக்காவின் ஹூஸ்டன் நகரில் சுவிட்சர்லாந்துத் தந்தைக்கும் ஜெர்மானியத் தாய்க்கும் பிறந்து, மியூனிக்கில் வளர்ந்தார். பேயர்ன் மியூனிக் இளையோர் பிரிவில் பயின்ற நடுக்கள வீரர். முதல்நிலைத் தொழில்முறை லீக்கில் ஆடியதில்லை.

பயிற்றுநர் பணி: 2016இல் பிப்பின்ஸ்ரீட் கழகத்தில் ஆட்டக்காரராகவும் பயிற்றுநராகவும் சேர்ந்தார். 2020இல் ஹாம்பர்க் நகரின் சங்க்ட் பவுலி கழகத்தில் துணைப் பயிற்றுநரானார். 2022 டிசம்பரில் அணி தரவரிசையின் அடிப்பகுதியில் தத்தளித்தபோது தலைமைப் பொறுப்பு அவரிடம் வந்தது. குளிர்கால இடைவேளைக்குப் பின் அணி தொடர்ச்சியாக 10 ஆட்டங்களில் வென்றது. 2023–24இல் இரண்டாம் பிரிவில் முதலிடம் பெற்று, 13 ஆண்டுகளுக்குப் பின் பண்டஸ்லிகாவுக்கு உயர்ந்தது.

இங்கிலாந்தில்: 2024 ஜூனில் ரொபெர்த்தோ டி செர்பிக்கு அடுத்தபடியாக பிரைட்டனில் நியமிக்கப்பட்டார். முதல் லீக் ஆட்டத்தில் எவர்ட்டனை 3–0 என வீழ்த்திய அணி, 2024–25 பருவத்தை 61 புள்ளிகளுடன் எட்டாம் இடத்தில் முடித்தது.

ஆட்டமுறை: சங்க்ட் பவுலியில் மூன்று தடுப்பாளர்களையும் பிரைட்டனில் பெரும்பாலும் நால்வரையும் கொண்ட அமைப்பைப் பயன்படுத்தினார். எதிரணியை அதன் பாதியிலேயே நெருக்குவதும், தடுப்பு வரிசையை முன்னகர்த்தி நிறுத்துவதும் இரண்டு அணிகளுக்கும் பொதுவான கூறுகள்.

சிறப்பு: 2024 ஆகஸ்டில் பிரீமியர் லீக்கின் மாதச் சிறந்த பயிற்றுநர் விருதைப் பெற்றார்.