குடற்பிடிப்பு நீக்கி–அமைதியூட்டிக் கூட்டு மருந்துகள்

குடல் தசையின் இறுக்கத்தைத் தளர்த்தும் மருந்தும் மனப்பதற்றத்தைக் குறைக்கும் மருந்தும் ஒரே மாத்திரையில் சேர்ந்தவை. எரிச்சல் கொண்ட குடல் நோய்க்குத் தரப்படுபவை. இந்தியாவில் புழங்கும் ஒரு கூட்டில் குளோர்டயசெபாக்சைடு 5 மி.கி., கிளிடினியம் 2.5 மி.கி., டைசைக்ளோமின் 10 மி.கி. உள்ளன.

பின்னிரண்டும் அசிட்டைல்கோலினைத் தடுத்துப் பிடிப்பைத் தணிக்கின்றன. வாய் வறட்சி, பார்வை மங்கல், மலச்சிக்கல், சிறுநீர்த் தேக்கம் ஆகியவை அதே வினையால் வருபவை. ஆகவே கண் அழுத்த நோய், புராஸ்டேட் வீக்கம் உள்ளோருக்கு இவை ஆகா. 6 மாதம் நிறையாத குழந்தைக்கு டைசைக்ளோமின் அறவே கூடாது. மூச்சுத்திணறலும் வலிப்பும் வரக்கூடும்.

குளோர்டயசெபாக்சைடு 1960இல் லிப்ரியம் என்ற பெயரில் விற்பனைக்கு வந்தது. நாள்பட்டால் பழக்கமாகும், திடீரென நிறுத்தினால் நடுக்கம், தூக்கமின்மை, அரிதாக வலிப்பு உண்டாகும். மதுவுடன் சேர்ந்தால் மூச்சையே ஒடுக்கும். தூக்கக் கலக்கம் தருவதால், இயந்திரம் இயக்குவோருக்கு இது குறிப்பாக ஆபத்தானது.

2014 மார்ச் 1 முதல் நடைமுறையிலுள்ள, இந்திய மருந்து விதிகளின் எச்1 அட்டவணையில் குளோர்டயசெபாக்சைடு இடம்பெறுகிறது. அட்டையில் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை இருக்கும். மருத்துவர் சீட்டின்றி விற்கக்கூடாது. மருத்துவர், நோயாளி பெயர்களையும் மருந்தின் அளவையும் தனிப் பதிவேட்டில் குறித்து, கடைக்காரர் அதை 3 ஆண்டுகள் காக்கவேண்டும்.