பாஞ்சாலங்குறிச்சியில் மாண்டோர்

முத்துக்குளித்துறையின் தலைநகரான தூத்துக்குடியிலிருந்து நிலப்பக்கமாக வடமேற்கே சென்றால் எதிர்ப்படும் பாஞ்சாலங்குறிச்சியின் அருகிலும், அதற்கு அண்மையிலுள்ள ஒட்டப்பிடாரத்திலும், அவ்வூர்ப் பாளையக்காரனான கட்டபொம்மனின் மண்கோட்டையைத் தாக்கி உயிர்நீத்த, ஆங்கிலக் கிழக்கிந்தியக் கம்பெனியாகிய கும்பினியின் படையினரது கல்லறைகள் உள்ளன. அவற்றின் சாசனங்களில் பெயர் பெற்றவர்கள் ஐரோப்பியரே. அவர்களுடைய கட்டளைக்குப் பணிந்து, அதே மதிலின் அடியில், அதே நாளில் மாண்ட நம் நாட்டுச் சிப்பாய்களுக்கு அந்தப் பாக்கியம் வாய்க்கவில்லை.

1799 செப்டம்பர் 5ஆம் நாள் மேஜர் பானர்மன் நடத்திய தாக்குதல் பலிக்காமற்போயினும், பின்னர்க் கோட்டையை நீங்கிய கட்டபொம்மன் பிடிபட்டு, அக்டோபர் 16இல் கயத்தாற்றில் தூக்கிலிடப்பட்டான். 1801 பிப்ரவரியில் பாளையங்கோட்டைச் சிறையிலிருந்து தப்பிய அவன் தம்பி ஊமைத்துரையோ, கும்பினி இடித்த கோட்டையைச் சில நாட்களிலேயே மீண்டும் எழுப்பி, மார்ச் 31இல் வந்த பெரும் படையையும் புறங்காட்டச் செய்தான். அவன் ஆட்கள் தூத்துக்குடித் துறையையும் சிலகாலம் கைப்பற்றியிருந்தனர். மே 24இல் கர்னல் அக்னியூ கோட்டையைப் பிடித்தபின், அதைத் தரைமட்டமாக்கி உழுததோடு அமையாமல், ஊரின் பெயரையே அரசாங்கக் கணக்குகளிலிருந்து நீக்கியது கும்பினி.

ஆனால் ஜனங்களின் ஸ்மரணை எந்தக் கணக்கேட்டிலும் அடங்குவதன்று. கயத்தாற்றில் தூக்கு நடந்த இடத்தின் வழியே சென்ற பிரயாணிகள், ஒருவர் ஏவாமலும், எழுத்தொன்றும் பொறிக்காமலும், ஆளுக்கொரு கல்லாக இட்டுச் சென்றமையால், அங்கே பெரியதொரு கற்குவியல் வளர்ந்திருந்ததைப் பத்தொன்பதாம் நூற்றாண்டின் ஆங்கிலக் குறிப்புகளே தெரிவிக்கின்றன. 1970இல் சிவாஜி கணேசன் கயத்தாற்றில் சிலை நாட்டியதும், 1974இல் தமிழக அரசு பாஞ்சாலங்குறிச்சியில் நினைவுக் கோட்டை கட்டியதும், சக்கதேவி கோயில் விழாவிலும் கதைப்பாடல்களிலும் அறாமல் வந்த அந்த ஸ்மரணைக்குப் பிற்காலத்தார் அளித்த உருவமேயாகும்.

எனினும் சிலை பெற்றோர் தலைவர்களே. மதிலைக் காத்து மடிந்த பாளையத்து வீரர்களும், கும்பினியின் சம்பளத்துக்காக அதன்மேல் ஏறி மடிந்த சிப்பாய்களும், கும்பினிக்குத் துணைநின்ற எட்டயபுரப் பாளையத்தின் பொருட்டு அப்பக்கம் நின்று பொருத அயலூராரும் பெரும்பாலும் இந்த மண்ணுக்கே உரியவர்கள். ஒருவன் எப்பக்கம் நின்றான் என்பதைத் தீர்ப்பிடும் கடமை சரித்திரத்துக்கு உண்டு. அத்தீர்ப்பைச் சொன்ன பிறகும், அவன் மாண்டான் என்பதைக் குறித்துவைக்கும் கடமை அதற்கு எஞ்சியே நிற்கிறது.