சொதியும் சீஸ் சூப்பும்: ஒரே கிழங்கு, இரண்டு பால்

உருளைக்கிழங்கைப் பாலில் கெட்டியாக, வழுவழுப்பாகச் சமைக்கும் வித்தை மேற்கத்தியச் சமையலின் சொத்து என்று பலர் நினைக்கிறார்கள். திருநெல்வேலிக்காரர்கள் அப்படி நினைக்கமாட்டார்கள். அங்கே கல்யாணம் முடிந்த மறுநாள் மாப்பிள்ளை வீட்டாருக்கு வைக்கும் விருந்தில் சொதி இல்லாவிட்டால் இலை நிறையாது. உருளைக்கிழங்கு, முருங்கைக்காய், கேரட், பீன்ஸ், பட்டாணி, பாசிப்பருப்பு எல்லாம் தேங்காய்ப் பாலில் வெந்து, இஞ்சியும் பச்சைமிளகாயும் மணக்க, எலுமிச்சைச் சாறு பிழிந்து இறங்கும் குழம்பு அது. சீஸ் போட்ட உருளைக்கிழங்கு சூப்பை அதன் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் இரண்டும் எவ்வளவு நெருங்கிய உறவு என்பதும், எங்கே பிரிகின்றன என்பதும் தெரியும்.

இந்த ஒப்பீட்டுக்கு ஸ்ரீ சிட்டியை விடப் பொருத்தமான ஊர் எனக்குத் தோன்றவில்லை. சென்னைக்கு வடக்கே ஏறத்தாழ 55 கிலோமீட்டரில், தடாவுக்கும் சத்தியவேட்டுக்கும் இடையே 2008இல் தொடங்கிய தொழில்நகரம். சத்தியவேடு வட்டாரம் செங்கல்பட்டு மாவட்டத்திலிருந்து 1960 ஏப்ரல் 1இல் எல்லைச் சீரமைப்பின்போது ஆந்திரத்தின் சித்தூர் மாவட்டத்தோடு சேர்ந்தது. 2022 ஏப்ரலிலிருந்து திருப்பதி மாவட்டத்தில் இருக்கிறது. ஆகவே இங்குள்ள பழைய கிராமங்களின் அடுப்படியில் தமிழும் தெலுங்கும் கலந்தே இருந்தன. அதன்மேல் ஜப்பானியக் கார்க்கம்பெனி, சாக்லேட் தொழிற்சாலை, ஐ.ஐ.ஐ.டி., கிரியா பல்கலைக்கழகம் என்று வந்துசேர, பல ஊர்களிலிருந்து வந்தவர்கள் ஒரே அடுக்குமாடியில் சமைக்கிறார்கள். ஒரு வீட்டில் தேங்காய் துருவும் சத்தம் கேட்கும், அடுத்த வீட்டில் சீஸ் துருவுவார்கள்.

முதலில் கிழங்கு. சித்தூரின் மேற்கு மேட்டுநிலத்தில், வி.கோட்டா, பலமனேர், குப்பம் பக்கம் உருளைக்கிழங்கு விளைகிறது. கர்நாடகத்தின் கோலார் அதற்கு ஒட்டினாற்போல் இருக்கிறது. நீலகிரியில் ஆங்கிலேயக் கலெக்டர் ஜான் சல்லிவன் காலத்தில், 1820களில், ஊன்றிய பயிர் இன்று மேட்டுப்பாளையம் மண்டி வழியாகச் சென்னைக்கு வருகிறது. இவற்றோடு ஆக்ராவின் குளிர்பதனக் கிடங்கிலிருந்து வரும் கிழங்கும் கடையில் இருக்கும். சூப் வைப்பவர் இங்கே கொஞ்சம் கவனிக்க வேண்டும். நீண்ட நாள் குளிரில் கிடந்த கிழங்கில் மாவுச்சத்தின் ஒரு பங்கு சர்க்கரையாகிவிடும். சொதியில் அந்த இனிப்பு தேங்காயோடு சேர்ந்து போகும், யாரும் கேட்கமாட்டார்கள். சீஸின் உப்புச் சுவைக்கு நடுவே அது பொருந்தாமல் நிற்கும். சூப்புக்கு மண் ஒட்டியிருக்கும் புதுக்கிழங்கையோ மலைக்கிழங்கையோ வாங்குங்கள். ஆக்ராக் கிழங்குதான் கிடைத்ததென்றால் வாங்கியவுடன் சமைக்காமல், சில நாள் வெளியே, வெயில் படாத இடத்தில் வைத்திருந்தால் இனிப்பு ஓரளவு குறையும்.

இனி இரண்டுக்கும் பொதுவான அடிப்படை. சுமார் 60 டிகிரி செல்சியசைத் தாண்டியதும் கிழங்கின் மாவுமணிகள் நீரை உறிஞ்சி உப்பும். அவற்றில் சில உடைந்து நீரில் கரையும்போதுதான் குழம்போ சூப்போ கெட்டியாகிறது. அந்த மாவுக்கு இன்னொரு வேலையும் உண்டு. பாலில் உள்ள புரதங்கள் சூட்டில் ஒன்றோடொன்று ஒட்டித் திரிந்துபோகாமல் அது குறுக்கே நின்று தடுக்கும். சொதியில் இந்த வேலையைப் பாசிப்பருப்பும் சேர்ந்து செய்கிறது. வேகவைத்து மசித்த பருப்பு வெறும் ருசிக்காகப் போடப்படவில்லை, தேங்காய்ப் பாலைத் தாங்கிப் பிடிக்கவே அது அங்கே இருக்கிறது. மேற்கத்திய சூப்பில் அதே இடத்தில் வெண்ணெயில் வறுத்த மைதா நிற்கிறது.

மைதா தேவையா? என் கருத்து, தேவையில்லை. உருளைக்கிழங்கு முதலில் பயிரான ஆண்டீஸ் மலைநாட்டிலேயே இதற்கு விடை இருக்கிறது. ஈக்வடாரில் லோக்ரோ தெ பாப்பா என்று ஒரு சூப் வைக்கிறார்கள். கிழங்கில் ஒரு பகுதியைக் குழைய விட்டு, அந்தக் குழைவே சூப்பைக் கெட்டியாக்கும்படி செய்து, பாலும் வெள்ளைச் சீஸும் கடைசியில் சேர்க்கிறார்கள். மாவு சேர்ப்பதில்லை. கிழங்கை ஆயிரக்கணக்கான ஆண்டுகளாக அறிந்தவர்கள் செய்வதும் திருநெல்வேலிக்காரர் செய்வதும் இந்த இடத்தில் ஒன்றுதான்: வெந்த காயையும் வெந்த பருப்பையும் நம்புவது. மைதா போட்ட சூப் கெட்டியாகத்தான் இருக்கும், ஆனால் நாக்கில் ஒரு பசைத்தன்மை மிஞ்சும், சீஸின் மணமும் மங்கும்.

அடுத்து வரிசை. சொதி வைப்பவர்கள் தேங்காயை அரைத்து மூன்று தரம் பால் எடுப்பார்கள். மூன்றாம் பாலில், அது பெரும்பாலும் தண்ணீர்தான், காய்கள் உப்போடு வேகும். வெந்தபின் மசித்த பருப்பும் அரைத்த இஞ்சி, பச்சைமிளகாய் விழுதும் இரண்டாம் பாலும் சேரும். கெட்டியான முதல் பால் கடைசியில்தான். அது சேர்ந்து ஓரத்தில் நுரை கட்டியதும் அடுப்பை அணைத்துவிடுவார்கள், தளதளவென்று கொதிக்க விடமாட்டார்கள். தேங்காய்ப் பாலின் புரதம் 80 டிகிரிக்கு மேலே திரளத் தொடங்கும், கொதிக்கக் கொதிக்க எண்ணெய் பிரிந்து மேலே மிதக்கும். கருவேப்பிலைத் தாளிப்பைக் கொட்டி, சற்று ஆறவிட்டு, எலுமிச்சை பிழிவார்கள். புளிப்பு எப்போதும் கடைசி. காய் வேகும்போதே புளிப்பு சேர்ந்தால் காய் விறைத்து நிற்கும். சாம்பாரில் காய் வெந்தபிறகே புளிக்கரைசல் ஊற்றுகிறோமே, அதே காரணம்தான்.

சீஸ் சூப்புக்கும் இந்த வரிசையை அப்படியே எடுத்துக்கொள்ளலாம், எடுத்துக்கொள்ள வேண்டும். பலர் கிழங்கைப் பாலிலேயே வேகவைக்கத் தொடங்குகிறார்கள். பாலின் கால்சியம் கிழங்கின் செல்சுவரை இறுக்குகிறது, வேக நேரமாகிறது, அதற்குள் பால் அடிப்பிடிக்கிறது. முதலில் தண்ணீரில் அல்லது காய் வெந்த நீரில் கிழங்கைக் குழைய வேகவைக்க வேண்டும். பால் இரண்டாவது. சீஸ் கடைசி, அதுவும் அடுப்பை அணைத்தபின். சொதியின் மூன்று பாலும் இங்கே தண்ணீர், பால், சீஸ் என்று வரிசையாக நிற்கின்றன.

நால்வருக்கான அளவு: அரைக்கிலோ கிழங்கு, ஒரு பெரிய வெங்காயம், நான்கைந்து பல் பூண்டு, 25 கிராம் வெண்ணெய், அரை லிட்டர் தண்ணீர், 300 மில்லி பால், துருவிய சீஸ் 80 கிராம். வெங்காயத்தையும் பூண்டையும் வெண்ணெயில் நிறம் மாறாமல் வதக்கி, சிறு சதுரங்களாக வெட்டிய கிழங்கைப் போட்டு, தண்ணீர் ஊற்றி மூடிவைக்கவும். கிழங்கை வெட்டியபின் நீரில் ஊறவைத்துக் கழுவ வேண்டாம். கழுவினால் நமக்கு வேண்டிய மாவுதான் போகும். வெந்ததும் மூன்றில் ஒரு பங்குத் துண்டுகளை ஒதுக்கிவைத்து, மீதியை மத்தால் கடையவும். மிக்சியில் போடவே வேண்டாம். வேகமாகச் சுழலும் கத்தி மாவுமணிகளையெல்லாம் உடைத்து, சூப்பைக் கஞ்சிப் பசையாக்கிவிடும். கீரை கடையும் மரமத்து இதற்கு மிக நன்றாக உதவும். பாலைச் சூடாக்கியே ஊற்றி, குறைந்த தீயில் ஐந்து நிமிடம் வைத்து, அடுப்பை அணைத்து, ஒரு நிமிடம் விட்டு, சீஸைக் கைப்பிடி கைப்பிடியாகத் தூவிக் கலக்கவும். ஒதுக்கிய துண்டுகளைச் சேர்த்து, மிளகைத் தட்டிப் போடவும். உப்பை இங்கேதான், சீஸ் கரைந்த பிறகு ருசி பார்த்துப் போட வேண்டும்.

தண்ணீருக்குப் பதில் பாசிப்பருப்பு வெந்த நீரை ஊற்றலாம் என்பது சொதியிலிருந்து நான் எடுத்துக்கொண்டது. ஒரு கைப்பிடிப் பருப்பைக் குழைய வேகவைத்து, தெளிநீரோடு கொஞ்சம் பருப்பையும் சேர்த்தால், பால் திரியும் பயம் குறையும், சுவைக்கும் ஒரு அடித்தளம் கிடைக்கும்.

பால் விஷயத்தில் இந்த வட்டாரத்துக்குக் குறையே இல்லை. ஹெரிடேஜ் பால் நிறுவனம் 1992இல் தொடங்கியது, சித்தூர் மாவட்டம் அதன் தொட்டில். திருமலா பால் நிறுவனத்தை 2014இல் வாங்கியது பிரான்சின் லக்டாலிஸ், உலகின் பெரிய சீஸ் நிறுவனங்களில் ஒன்று. கடையில் ஃபுல் கிரீம் பால் என்றால் 6 சதவீதக் கொழுப்பு, டோன்டு என்றால் 3 சதவீதம். சூப்புக்கு ஃபுல் கிரீம் போதும். தனியாகக் கிரீம் வாங்கி ஊற்ற வேண்டிய தேவை எனக்குப் புரியவில்லை. கொழுப்பு வெண்ணெயிலும் சீஸிலும் ஏற்கெனவே இருக்கிறது.

சீஸில் இரண்டு வகையை வேறுபடுத்த வேண்டும். பெட்டிக்கட்டியாகக் கிடைக்கும் பிராசஸ்டு சீஸ், 1911இல் சுவிட்சர்லாந்தில் கெர்பர், ஸ்டெட்லர் இருவரும் கண்டுபிடித்த முறையின் வழித்தோன்றல். சிட்ரேட் போன்ற உப்பைச் சேர்த்து, கால்சியத்தின் பிடியைத் தளர்த்தி, உருகினாலும் கொழுப்பு பிரியாதபடி செய்த சீஸ் அது. புதிதாகச் சூப் வைப்பவருக்கு இதுவே பாதுகாப்பு, ஏறக்குறைய கெடாது. ஆனால் சுவை தட்டை, உப்பு அதிகம். ஆரோவில்லிலும் கொடைக்கானலிலும் செய்யும் முதிர்ந்த சீஸ் கிடைத்தால் சூப்பின் தரமே மாறும். அதைக் கொதிக்கும் சூப்பில் போட்டால் நூல்நூலாகத் திரண்டு எண்ணெய் விடும் என்பதால் அடுப்பை அணைக்கும் ஒழுங்கு இங்கே கட்டாயமாகிறது. பாதி இது, பாதி அது என்று கலப்பது நல்ல சமரசம்.

இரண்டும் கடைசியில் பிரிவது புளிப்பில். சொதி எலுமிச்சையால்தான் உயிர் பெறுகிறது. தேங்காய்ப் பாலில் புரதம் குறைவு, பருப்பு மாவின் பாதுகாப்பு உண்டு, சூடும் தணிந்திருக்கும், ஆகவே சிறிது சாறு அதைத் திரிக்காது. அதே சாற்றைச் சூடான பசும்பாலில் பிழிந்தால் பன்னீர் கிடைக்கும். இந்த வட்டாரத்துக்காரர்களுக்கு எதிலும் மதனப்பள்ளித் தக்காளி சேர்க்கத் தோன்றும். இந்தச் சூப்பில் அதைத் தவிர்த்தே ஆக வேண்டும். புளிப்பு வேண்டுமென்றால் முதிர்ந்த சீஸே கொஞ்சம் தரும். மீதி எழுச்சிக்கு மிளகு, அல்லது வெண்ணெயில் பொரித்த பூண்டும் கருவேப்பிலையும். கரம் மசாலா வேண்டவே வேண்டாம், பாலின் மணத்தை அது விழுங்கிவிடும்.

காத்திருக்கும் குணத்திலும் இரண்டும் வேறு. சொதி வைத்த வேளையிலேயே, சோற்றிலோ ஆப்பத்திலோ இடியாப்பத்திலோ ஊற்றி, கூடவே இஞ்சித் துவையலோடு தீர்த்துவிட வேண்டியது. தேங்காய்ப் பாலை மறுபடி சுடவைத்தால் எண்ணெய் பிரியும், வெளியே வைத்தால் சீக்கிரம் புளித்துவிடும். சூப்பை, சீஸ் சேர்க்கும் முன் நிறுத்தி, குளிர்சாதனப் பெட்டியில் வைக்கலாம். இரண்டாம் ஷிஃப்ட் முடிந்து நடுஇரவு நெருங்கும் நேரத்தில் வீடு திரும்புகிறவர்கள் நிறைந்த ஸ்ரீ சிட்டியில் இது சின்ன வசதியல்ல. கால் தம்ளர் பால் விட்டு இளக்கி, குறைந்த தீயில் சூடாக்கி, அணைத்துவிட்டுச் சீஸ் தூவினால் பத்து நிமிடத்தில் சாப்பாடு. பழவேற்காட்டு ஏரிப் பக்கமிருந்து ஐப்பசி, கார்த்திகை மழை அடிக்கும் இரவுகளில் இதைவிட நல்ல துணை அரிது.

எது மேல் என்று கேட்டால் தயங்காமல் சொதி என்பேன். இனிப்பு, உறைப்பு, புளிப்பு, மணம் நான்கையும் ஒரே பாத்திரத்தில் நிறுத்துகிறது. சீஸ் சூப்பில் உப்பும் கொழுப்பும்தான் முன்நிற்கின்றன. ஆனால் கல்யாண விருந்துக்குரிய ஒன்றைத் தினசரி இரவுக்கு எதிர்பார்க்க முடியாது, தேங்காய் துருவிப் பால் பிழிய எல்லாரிடமும் நேரம் இல்லை. ஆகவே சூப்பையே வையுங்கள், சொதி வைக்கும் ஒழுங்கோடு வையுங்கள். மைதாவையும் கிரீமையும் மிக்சியையும் ஒதுக்கிவிட்டு, சீஸ் துருவலைக் கையில் எடுக்கும் முன் அடுப்பை அணைத்துவிடுங்கள்.